கரிநாக்குக்காரியும் ஆளில்லாப் படகும்

சசிதரன் தன் பேக்கரிக்குப் புது அடுப்பு வாங்கிய அன்று மனைவியிடம் ஒரே ஒரு வரம்தான் கேட்டான். இன்று ஒரு நாள் மட்டும் கடைப் பக்கம் வந்துவிடாதே, தாயே என்றான். கோகிலவாணி வந்தாள். அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றினாள். கேஸ் குழாய் கதவின் விளிம்பில் உரசுவதைக் காட்டி, இது தேய்ந்து ஒரு நாள் கசியும், அப்போது நீ வர்க்கி பிஸ்கட் தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாய் என்று நிதானமாகச் சொன்னாள். பூஜைக்கு வந்திருந்தவர்கள் கற்பூரத்தை ஏற்றுவதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சசிதரன் பெருமூச்சு விட்டுக் குழாயை மாற்றிப் போட்டான். இவளைக் கட்டிய பிறகு எனக்கு ஆயுசு கூடிப் போச்சு, சந்தோஷம்தான் குறைஞ்சு போச்சு என்று குன்னூர் மார்க்கெட் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். ஆனால் அவள் சொல்லி அவன் மாற்றாத குழாய் என்று ஒன்று கிடையாது.

பகல் முழுவதும் அவள் செய்கிற உத்தியோகமும் இதுதான். அதற்குச் சம்பளம் வேறு தருகிறார்கள் என்பதுதான் சசிதரனுக்கு இன்னும் தீராத அதிசயம்.

மாலுமியே இல்லாமல் தானாக ஓடும் கப்பல்கள் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைத் தண்ணீரில் விட அனுமதி கொடுப்பதற்கு முன்னால், யாராவது ஓர் ஆள் உட்கார்ந்து, என்னென்ன கெட்டது நடக்கக்கூடும் என்று ஒன்றுவிடாமல் யோசித்தாக வேண்டும். வானத்துச் செயற்கைக்கோளோடு தொடர்பு அறுந்தால் கப்பல் என்ன செய்யும்? மீனவர் வலை குறுக்கே கிடந்தால் அதற்குத் தெரியுமா? எஞ்சின் அறையில் தீப்பிடித்தால் அணைக்க யார் இருக்கிறார்கள்? சென்னையில் உள்ள ஒரு கப்பல் பாதுகாப்பு நிறுவனத்துக்காக இந்தக் கேள்விகளைக் கேட்பவள் கோகிலவாணி. கேட்பது குன்னூரில் ஒரு மாடியறையில் இருந்து. ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு. கடல் என்பது கணினித் திரையில் நீலமாகத் தெரிகிற ஒரு சங்கதி. கப்பலில் ஏறுவது இருக்கட்டும், மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினாலே பர்லியாறு தாண்டுவதற்குள் ஜன்னலோரம் கேட்டுக் கெஞ்சுகிற வயிறு அவளுடையது.

அவளுக்கு இந்த உத்தியோகம் வாய்த்தது நாற்பது வயதை நெருங்கும்போது. பட்டப்பெயர் வாய்த்தது ஒன்பது வயதில்.

பந்தலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்தவள். அப்பா பழனியாண்டியும் அம்மா தெய்வம்மாவும் சின்னப் பிள்ளைகளாக இலங்கைத் தேயிலை மலையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் லயத்துக்குப் பக்கத்தில் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் காம்பரா இருந்தது. அதன் தலைக்கு மேலே ஒரு பெரிய சில்வர் ஓக் மரம். புதிதாகக் கால்வாய் வெட்டியதில் மரத்தடி மண் கரைந்து, வேர் வெளியே தெரிந்தது. ஒன்பது வயதுக் கோகிலா அதைப் பார்த்துவிட்டு, இந்த மரம் பிள்ளைக் காம்பரா மேல் விழப்போகிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆடி மழையில், நல்லவேளையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரம் அப்படியே போய் விழுந்தது.

வேர் தெரிந்ததை எல்லாரும் மறந்துபோனார்கள். சொன்னது யார் என்பதை மட்டும் ஒருவரும் மறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் கரிநாக்கு. அவள் வாயிலிருந்து வருவது பலித்துவிடும் என்று பயந்து, பிள்ளைக்குக் காதுகுத்து என்றாலும், மாடு சினை என்றாலும், அவள் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். குயிலின் குரல் என்று பொருள்படப் பெயர் வைத்த அப்பா, மகள் வாயைத் திறக்கும்போதெல்லாம் இருமிக்கொண்டே இருந்தார்.

அதையெல்லாம் கோகிலா சிரித்துக் கடந்துவிட்டாள். கடக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று. அது அவள் தம்பி வீட்டு வாசல்.

தம்பி ரவிச்சந்திரன் குந்தாவுக்கு அப்பால், மின்வாரியத்து வேலையாக மணிச்சோலை என்ற சின்ன ஊரில் குடியேறியவன். அணையின் நீர்த்தேக்கம் மூன்று பக்கமும் சூழ்ந்த ஊர் அது. அவன் மனைவி சுமலதாவுக்கு வளைகாப்பு நடந்த அன்று, வாசல்படியில் யாரோ தண்ணீரைச் சிந்தியிருந்தார்கள். இதைத் துடையுங்கள், யாராவது வழுக்கி விழப்போகிறார்கள் என்றாள் கோகிலா. துடைக்க ஆள் துணி தேடிப் போன நேரத்தில், கை நிறைய வளையலோடு சுமலதாவே வந்து வழுக்கி விழுந்தாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் எலும்பு முறிந்தது. பிரசவம் வரைக்கும் மாவுக்கட்டோடு கிடந்தாள்.

அதற்குப் பிறகு ஏழு வருடங்களாகச் சுமலதா நாத்தனாரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போது பிறந்த பெண் குழந்தையைக் கோகிலா மடியில் வைத்துக் கொஞ்சியதில்லை. மகனோடு இருக்கும் தெய்வம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் ஊட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லித்தான் பார்க்க வேண்டும். தாயும் மகளும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சுற்றிலும் கண்டக்டர்கள் ஊர்ப்பெயரைக் கூவிக்கொண்டிருக்க, வீட்டுக் கதையைப் பேசிவிட்டுப் பிரிவார்கள். பெற்ற தாயை பஸ் ஏற்றிவிட்டுக் கையசைக்கிற ஒவ்வொரு முறையும் கோகிலாவின் நெஞ்சில் ஏதோ ஒன்று இற்றுக்கொண்டே வந்தது. அந்த வீட்டு வாசலை ஒரு தடவை மிதித்துவிட வேண்டும். அவள் வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை.

அப்படிப்பட்டவளை, போ மணிச்சோலைக்கு என்று அலுவலகமே அனுப்பியது.

ஒரு நிறுவனம் கடலில் ஆளில்லாச் சரக்குக் கப்பல் விடுவதற்கு முன்னால், அதே கணினி மூளையை ஒரு சின்னப் படகில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தது. அந்தப் படகு மணிச்சோலை மக்களை நீர்த்தேக்கத்தைத் தாண்டித் தார்ச்சாலையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மலையைச் சுற்றி ஜீப்பில் குலுங்கிப் போகிற பாதி நாள் பாடு, டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். கேரட் மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிரசவ வலியெடுத்தவள், எல்லாருக்கும் அதுதான் வழி. ஊரே படகை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது. பக்கத்துக் கரையில் உள்ள பெரியகொரை ஊர்க்காரர்களும் முதல் படகு எங்களுக்குத்தான் என்று மல்லுக்கு நின்றதால் அவசரம் இன்னும் கூடிப்போயிருந்தது.

என் தம்பி குடும்பம் அந்த ஊரில்தான் இருக்கிறது என்று கோகிலா அலுவலகத்தில் சொன்னாள். உங்கள் அறிக்கையை இங்கே இன்னொருவர் சரிபார்ப்பார், நீங்கள் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சசிதரன் ஒரு பொட்டலம் வர்க்கி கட்டிக் கொடுத்து, தம்பி வீட்டுக்குக் கொடு என்றான். கொடுக்க முடியாது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவள் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

சோதனையன்று காலையில் ஊரே கரையில் கூடியிருந்தது. படகு முகப்பை நீர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு வெள்ளை வெளேரென்று நின்றது. அதன் நடுவில் ஒரு கம்பம், கம்பத்தின் தலையில் ஒரு கறுப்புப் பெட்டி. அதுதான் படகின் லேசர் கண். கீழே முகப்பில் இன்னொரு கண்ணாகக் கேமரா இருந்தது. நிறுவனத்து இஞ்சினியர் அஸ்வந்த் கரையில் போட்ட தகரக் கொட்டகையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, அங்கிருந்தே படகை எழுப்பினான். படகுக்குள் போய் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆளே தேவையில்லாத படகுக்குள் ஆள் எதற்கு என்பது அவன் பெருமை.

நீருக்கு நடுவே காலி டிரம்களைக் கட்டி, அதன் மேல் சட்டை மாட்டிய ஒரு வைக்கோல் பொம்மையை நிறுத்தியிருந்தார்கள். பரிசலில் போகிற ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சட்டையின் மினுக்கைப் பார்த்து ஊர்ப்பெண்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள். காலை வெயில் நேராகக் கேமராவின் முகத்தில் அடிக்கிற நேரமாகப் பார்த்து, இப்போது விடு என்றாள் கோகிலா. கேமராவுக்குக் கண் கூசினாலும் லேசர் கண் பார்த்து நிறுத்த வேண்டும்.

படகு கம்பீரமாகப் போனது. மாப்பிள்ளையை நெருங்கியது. நிற்கவில்லை. வேகத்தைக் குறைக்கவும் இல்லை. ஏதோ பழைய பகையைத் தீர்க்கிற மாதிரி நேராகப் போய் மோதியது. மாப்பிள்ளை குப்புற விழுந்து தண்ணீருக்குள் போனார். மோதிய வேகத்தில் படகின் கம்பமே ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

 கரையில் மூக்கம்மா என்ற முதிய பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது கோகிலாவுக்கு நன்றாகக் கேட்டது.

"வந்து எறங்குனதும் எறங்காததுமா, மோதுமான்னு பாக்க வந்திருக்கேன்னு சொல்லுச்சே. சொன்ன வாய் சும்மா இருக்குமா?"

பெண்கள் கூட்டத்தின் கடைசியில் சுமலதா நின்றிருந்தாள். ஊர் மகளிர் குழுவின் தலைவி அவள்தான். முகம் வெளுத்திருந்தது. நாத்தனாரின் பார்வை பட்டதும் சட்டென்று திரும்பிக்கொண்டாள். கோகிலாவுக்கு அது பழகிப்போன முதுகு.

அஸ்வந்த் எதையெதையோ தட்டிப் பார்த்தான். எதிரே ஒன்றுமே இல்லை என்று லேசர் கண் சாதித்தது என்பது மட்டும்தான் தெரிந்தது. மத்தியானம் மறுபடி படகை எழுப்பினான். மாப்பிள்ளைக்கு வேறு சட்டை போட்டு நிறுத்தினார்கள். இந்த முறை படகு தூரத்திலேயே கண்டுகொண்டது. மரியாதையாக நின்றது. திரும்பத் திரும்ப விட்டார்கள். வெயிலுக்கு எதிராக, வெயிலோடு, குறுக்காக, எப்படி விட்டாலும் நின்றது. ஊர் கைதட்டியது. யாரோ விசில் அடித்தார்கள்.

ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாலசுப்பிரமணியம் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். மணிச்சோலையில் எந்த நல்ல காரியத்துக்கும் அவர்தான் முன்னே நிற்பார். இப்போதும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார்.

"ஏனுங்க, காலையில தப்பு, மத்தியானம் சரி. கடைசியா வந்ததுதானுங்களே கணக்கு? ஒரு கையெழுத்தைப் போட்டுக் குடுத்துருங்க."

"காலையில ஏன் தப்பாச்சுன்னு யாருக்காச்சும் தெரியுமாங்க?"

"அது தெரிஞ்சு என்னங்க ஆகப்போவுது? அதான் சரியாப் போச்சில்லீங்க."

"தானா வந்த காய்ச்சல் தானா போனா நாம சந்தோஷப்படுவோம். டாக்டரு பயப்படுவாருங்க" என்றாள் கோகிலா.

காரணம் தெரியாமல் கையெழுத்து இல்லை என்று அவள் சொன்னதும் ஊரின் முகம் சுருங்கியது. ஏழு வருடமாக மூடியிருக்கிற ஒரு வாசல், அந்த நிமிஷத்தில் இன்னும் ஒரு தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டதாக அவளுக்குத் தோன்றியது. கையெழுத்தைப் போட்டால் ஊரே கொண்டாடும். தம்பி வீட்டுக்கு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டுகூடப் போவார்கள். ஆனால் அந்தப் படகில் அம்மா ஏறுவாள். அவள் மடியில் வைத்துக் கொஞ்சாத குழந்தை ஏறும். கோகிலா பேனாவைத் திறக்கவே இல்லை.

அனுமதிக்கு முன்னால் இன்னொரு வேலையும் பாக்கி இருந்தது. படகைப் பயன்படுத்தப் போகிறவர்களையே கூட்டி வைத்து, என்ன தவறு நடக்கலாம் என்று கேட்க வேண்டும். சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவே அஸ்வந்த். கோகிலா எழுந்து நின்று கேட்டாள்.

ஒண்ணும் ஆகாதுங்க என்றார் பாலசுப்பிரமணியம். ஒண்ணும் ஆகாது என்றது ஆண்கள் பக்கம். கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, பெண்கள் பக்கமும் அதையே சொன்னது. மழை பெய்தால்? மழையே பெய்யாது என்கிற மாதிரி தலையாட்டினார்கள். மூக்கம்மா மட்டும் மனசில் இருந்ததை வெளியே சொன்னாள். நல்ல காரியம் தொடங்கப்போகிற இடத்தில், கவிழும், முழுகும் என்று வாய்விட்டுச் சொல்லலாமா, தாயி? சொன்னால் மேலே போகிற தேவதை அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விடாதா?

கூடம் முழுக்க ஆமாம் என்றது.

கோகிலாவுக்குக் கோபம் வரவில்லை. அது அவள் வளர்ந்த பேச்சு. சென்னை ஆபீசில் பெரிய பெரிய கப்பல் கேப்டன்களும் இதே இடத்தில்தான் மென்று விழுங்குவார்கள். தன் வீட்டுக் கெட்டதை யார்தான் வாய்விட்டுச் சொல்வார்கள்? சட்டென்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

"சரி, படகு நமக்கு வேண்டாம். பெரியகொரைக்கே குடுத்தாச்சுன்னு வச்சுக்குவோம். அவங்க இதை என்ன பாடு படுத்துவாங்க?"

ஒரு கணம் கூடம் புரியாமல் விழித்தது. அடுத்த கணம் உடைத்துக்கொண்டது.

பெரியகொரைக்காரனா? முட்டைக்கோசு மூட்டையை ஒரே பக்கமாக அடுக்கிச் சாய்த்துவிடுவான் என்றார் ஒருவர். ஆட்டை ஏற்றுவான், ஆடு படகை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை முட்டும் என்றார் இன்னொருவர். அங்கே கல்யாணம் என்றால் ஆளுக்கு ஆள் தொற்றிக்கொண்டு ஏறுவார்கள், இறங்கு என்று சொல்ல டிரைவரும் இல்லை, கண்டக்டரும் இல்லை. மின்வாரியம் தண்ணீரைத் திறந்தால் மட்டம் இறங்கிப் படித்துறை அந்தரத்தில் நிற்கும், அது தெரியாமல் பெரியகொரைக் குடிகாரன் காலை வைப்பான். பெண்கள் கேமரா மேல் ஈரத்துண்டைக் காயப்போடுவார்கள். மூக்கம்மா தேவதையை மறந்து, எல்லாருக்கும் மேலாகக் கையை ஆட்டி ஆட்டிப் பெரியகொரையை நாலு தடவை மூழ்கடித்தாள். கோகிலாவால் எழுதி மாளவில்லை. அஸ்வந்துக்கு வியர்த்தது. மாதக்கணக்கில் அவனும் அவன் கூட்டாளிகளும் யோசித்ததைவிட, பத்து நிமிஷத்து வயிற்றெரிச்சல் அதிகமாக யோசித்துவிட்டது.

சிரிப்பு கொஞ்சம் அடங்கியபோது கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"பெரியகொரைப் பொம்பளைங்க கம்பத்துல திருஷ்டி முகம் கட்டுவாளுங்க."

சுமலதாதான். கூடம் அதற்கும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"எந்தக் கம்பத்துல?" என்றான் அஸ்வந்த்.

"மேல ஒரு கறுப்பு டப்பா இருக்குல்ல. அதுக்கு முன்னால கொக்கி மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும். அதுல கட்டுனா தண்ணிப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கும், கரையில நிக்கிறவங்க கண்ணுல படாது. நாக்கை நீட்டிக்கிட்டு இருக்குமே, புது வீட்டுக்குக் கட்டுறது, அந்த முகம்."

கோகிலாவின் கையில் பேனா நின்றது. அவள் மிக மெதுவாகக் கேட்டாள். "எப்பக் கட்டுவாங்க?"

"விடியக்காலம். யாரும் பாக்காதப்ப."

"அப்புறம் அது எங்க போகும்?"

"மோதுன ஆட்டத்துல அறுந்து தண்ணியில விழுந்துரும். யாருக்கும் தெரியாது. மத்தியானம் படகு நல்லா ஓடும்."

இப்போது கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மூக்கம்மாவின் வாய் பாதி திறந்தபடி நின்றது.  கோகிலா கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று இருந்தது. அது அறிக்கைக்குத் தேவையில்லாதது. ஆனாலும் கேட்டாள்.

"எதுக்குக் கட்டுவாங்க? யாருக்குப் பயந்து?"

சுமலதா தலை நிமிர்ந்தாள். ஏழு வருடத்துக்குப் பிறகு நாத்தனாரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அன்னிக்கு நாத்தனா ஒருத்தி வருவா. அவ நாக்குக்குப் பயந்துதான்."

யாரோ இருமினார்கள். தெய்வமே, இது என்ன சோதனை என்று கோகிலாவின் கண் கலங்கிப்போனது. தன்னைத் தடுக்கக் கட்டிய பொம்மை. தன் வாய்க்கு எதிராக நாக்கை நீட்டிக்கொண்டு, விடியற்காலைப் பனியில், யாருக்கும் தெரியாமல் கட்டிய பொம்மை. அழுதுவிடலாம்தான். ஆனால் இத்தனை பேர் முன்னால் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு நிற்கிறவள் சுமலதா அல்லவா. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் சுமலதாவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். படகு ஓடியிருக்கும். பழி முழுக்க, வழக்கம்போலக் கரிநாக்கின் மேல் போயிருக்கும்.

"அதாங்க காரணம்" என்று அஸ்வந்த் எழுந்துவிட்டான். காலையில் கண்விழிக்கும்போது படகு முதலில் தன் உடம்பைத்தான் பார்த்துக்கொள்ளும் என்று விளக்கினான். கம்பி, கம்பம், கைப்பிடி என்று அசையாமல் ஒட்டிக்கொண்டிருப்பதெல்லாம் தன் பாகம் என்று குறித்துக்கொண்டு, அந்தத் திசையில் வருவதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். திருஷ்டி முகத்தையும் தன் முகம் என்று நினைத்துக்கொண்டது. அதற்குப் பின்னால் இருந்த உலகத்தையே இல்லை என்று தள்ளிவிட்டது.

சொல்வதோடு விடாமல் எல்லாரும் கரைக்குப் போனார்கள். கறுப்புப் பெட்டிக்கு முன்னால் ஒரு எவர்சில்வர் தட்டைக் கட்டிப் படகை எழுப்பினார்கள். மாப்பிள்ளை மறுபடியும் குப்புற விழுந்தார்.

அனுமதி இப்போது கிடையாது என்று கோகிலா எழுதினாள். கண்ணை ஏதாவது மறைத்தால், எனக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லிக் கரையை விட்டுக் கிளம்பவே மறுக்கும்படி படகு மாற வேண்டும். அதற்குப் பிறகு மறுபடி சோதனை. மாதங்கள் ஆகும் என்றான் அஸ்வந்த். ஆனால் அவன் முகத்தில் வருத்தத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. இதே மூளை நாளைக்குக் கடலில் ஒரு பெரிய கப்பலை ஓட்ட இருந்தது. கப்பலுக்கும் மாலை போட்டுப் பூஜை செய்துதான் விடுவார்கள்.

ஊர் புகைந்தது. மறுபடியும் ஜீப்பு, மறுபடியும் மலையைச் சுற்று என்றார்கள். ஒரு பொம்மையைச் சொல்லாமல் விட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று பாலசுப்பிரமணியம் சுமலதாவின் காதுபடவே அலுத்துக்கொண்டார்.

"திறப்பு விழாவுக்கு ரோஜா மாலை சொல்லிட்டீங்கல்ல அண்ணா?" என்றாள் சுமலதா.

"அதுக்கென்னம்மா, ஆளுயர மாலை சொல்லியாச்சு."

"அதை எங்க போடுறதா இருந்தீங்க?"

பாலசுப்பிரமணியம் கம்பத்தைப் பார்த்தார். கறுப்புப் பெட்டியைப் பார்த்தார். முதல் பயணத்தில் முன்வரிசையில் உட்காரப்போவது தன் குடும்பம்தான் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கடையைப் பூட்டாமல் வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு மெல்ல நழுவினார்.

கூட்டம் கலைந்தபோது ஊட்டிக்குப் போகிற ஜீப்பு போய்விட்டிருந்தது. கோகிலா தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அஸ்வந்தின் கொட்டகையில் இடம் கேட்கலாமா என்று யோசித்தபடி நின்றாள். சுமலதா பக்கத்தில் வந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்குத் துடைக்கச் சொன்னீங்க. துடைச்சிருந்தா நான் விழுந்திருக்க மாட்டேன். இது ரொம்ப நாளா எனக்குத் தெரியும் மதினி. ஆனா யாரையாச்சும் திட்டுனாத்தானே வலி தாங்குது."

கோகிலா பதில் சொல்ல வாயெடுத்தாள்.  சுமலதா அதற்காகக் காத்திருக்கவில்லை. நாத்தனாரின் தோளிலிருந்த பையை உருவித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த தெய்வம்மா நிமிர்ந்து பார்த்தாள். மருமகள் முன்னால், மகள் பின்னால். கிழவியின் மடியிலிருந்த கீரை அப்படியே சரிந்தது. எழுந்து வந்து மகளின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள், பஸ் ஸ்டாண்டில் பார்த்த அதே மகள்தானா என்று சந்தேகம் வந்தவள் போல. பிறகு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, விட மாட்டாமல் நின்றாள். வேலை முடிந்து வந்த ரவிச்சந்திரன் அக்காவைப் பார்த்ததும் செருப்போடு அடுப்படி வரைக்கும் வந்துவிட்டு, இருவரிடமும் திட்டு வாங்கினான். வர்க்கி உடைந்து தூளாகியிருந்தது. அந்தத் தூளைக் குழந்தை அத்தையின் மடியில் உட்கார்ந்து டீயில் போட்டுத் தின்றது.

மறுநாள் காலையில் சுமலதா ஊட்டிக்குக் கிளம்பினாள். படகு வரும் வரைக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஊருக்குள் ஒரு வேன் விட வேண்டும் என்று அதிகாரியைப் பார்த்துக் கேட்பதற்காக. புகைந்துகொண்டிருந்த ஊருக்கு அதுதான் அவள் சொன்ன சமாதானம். போகிற காரியம் ஜெயிக்க வேண்டும். அதற்கு நல்ல முகமாக யாராவது எதிரே வந்தாக வேண்டும். மூக்கம்மா நிறைகுடத்தோடு தெருமுனையில் தயாராக நின்றாள். ஊரில் யார் கிளம்பினாலும் சகுனத்துக்கு எதிரே வருவது அவள்தான். ராசியான முகம் என்று பெயரெடுத்தவள்.

சுமலதா வாசலில் நின்று தெருமுனையைப் பார்த்தாள். கொஞ்சம் இருங்க பாட்டி என்று கையைக் காட்டிவிட்டு, வீட்டுக்குள் திரும்பினாள்.

"மதினி, பின்பக்கமா சுத்தி வந்து கொஞ்சம் எதிர்ல வாங்க."

கோகிலாவுக்குக் காதில் விழுந்தது நிஜம்தானா என்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அவளை யாரும் எதிரே வரச் சொன்னதில்லை. புழக்கடை வழியாகச் சுற்றிக்கொண்டு, தெருமுனையில் மூக்கம்மாவைத் தாண்டி, தம்பி வீட்டை நோக்கி நடந்து வந்தாள். எதிரே சுமலதா பட்டுச்சேலையும் கைப்பையுமாக வந்தாள். இருவருக்கும் நடுவே நாலைந்து அடிதான் இருக்கும். அப்போது கோகிலாவின் கண் கீழே போனது. வேண்டாம், இன்று ஒரு நாள் சும்மா இரு என்று மனசு கெஞ்சியது. வாய் கேட்கவில்லை.

"சுமா, அந்த வலது செருப்பு வார் இத்துப் போயிருக்கு. ஆபீஸ் படி ஏறும்போது அறுந்துரும்."

தெருமுனையில் மூக்கம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

சுமலதா நின்றாள். காலைத் தூக்கிப் பார்த்தாள். வார் ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் போனாள். வேறு செருப்பை மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"ம், இப்ப மறுபடி எதிர்ல வாங்க" என்றாள்.